பிறந்ததற்குக் கூலியா?

இராஜபாளையத்துக்கு மேற்கே அய்யனார் கோவிலுக்குப் போகிற பாதையில் உள்ள மாந்தோப்புகளை நம் தோழர்கள் அறிவார்கள். தோப்பில் குழி தோண்டி, தண்ணீர் பாய்ச்சி, இராத்திரியெல்லாம் காவல் கிடக்கிறவன் ஒருவன். பழம் விற்ற பணத்தை எண்ணுகிறவன் வேறொருவன். எண்ணுகிறவனை, “இது உனக்கு எப்படி வந்தது?” என்றால், “அப்பன் வைத்தது” என்பான். அப்பனுக்கு? பாட்டன் வைத்தது. பாட்டனுக்கு எப்படி வந்தது என்று கேட்டுவிட்டாலோ, பூர்வ ஜென்ம புண்ணியம் என்று ஆரம்பித்துவிடுவான். ஆள் நல்லவனாகவே இருக்கட்டும். நமக்கு ஆள்மேல் விரோதமில்லை, முறையின்மேல்தான்.

அர்ச்சகன் மகன் என்பதற்காகவே ஒருவன் அர்ச்சகனாகிற பாத்தியதையை 1971-ஆம் வருஷத்துச் சட்டம் எடுத்தது. அது செல்லும் என்று 1972-இல் சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிற்று. மணி ஆட்டுவதற்கே பிறப்பு ஒரு யோக்கியதை ஆகாதென்றால், நாலு மில்லையும் நாற்பது வீட்டையும் கட்டியாள்வதற்கு மாத்திரம் அது எப்படி யோக்கியதை ஆகும்?

சர்க்காருக்கும் இது தெரியாததல்ல. 1953-இல் எஸ்டேட் தீர்வை என்று ஒரு வரி வந்தது. பின்னால், 20 லட்சத்துக்கு மேற்பட்ட பாகத்துக்கு 85 சதவிகிதம் வரையில்கூட அது ஏறிற்று. 1985-இல் அதை எடுத்துவிட்டார்கள். காரணம் என்ன தெரியுமா? வருஷத்துக்குச் சுமார் 20 கோடிதான் வருகிறதாம், வசூல் செய்கிற செலவோ அதிகமாம்! திருடன் அகப்படவில்லை என்றால் போலீஸ் ஸ்டேஷனை மூடிவிடுவதா?

இன்று நடப்பதைப் பாருங்கள். சத்திரப்பட்டியில் பஞ்சுத் தூசியைத் தின்றுகொண்டு பேண்டேஜ் துணி நெய்கிறவன் ஒரு ஜோடி செருப்பு வாங்கினாலும் வரி கொடுக்கிறான். உயிலில் ஒரு மில்லையே வாங்குகிறவன், அப்படி வாங்கியதற்காக ஒரு காசு வருமான வரி கொடுப்பதில்லை.

“தகப்பன் பாடுபடுவதே பிள்ளைக்காகத்தானே? அதில் கை வைத்தால் எவன் பாடுபடுவான்?” என்று சில பண்டிதர்கள் கேட்கின்றார்கள். குடியிருக்கும் வீட்டையும் உழுது தின்னும் காணியையும் எவனும் கேட்கவில்லை; அதற்கு ஒரு வரம்பு கட்டி விட்டுவிடலாம். அதற்கு மேலே கிடப்பதைப் பற்றித்தான் பேச்சு. ஜப்பானில் பெருஞ்சொத்தின் வாரிசுக்கு 55 சதவிகிதம் வரை வரி இருக்கிறது. அங்கே தகப்பன்மார்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்களா? அவர்கள் கம்பெனி மோட்டாரில்தானே நம் தோப்பு வாரிசுகள் அய்யனார் கோவிலுக்கு வந்து இறங்குகின்றார்கள்!