90 நாள் கெடு யாரைத் தடுக்கிறது?

90 நாளுக்கு ஒருமுறை கடவுச்சொல்லை மாற்றியே தீர வேண்டும் என்ற விதி இன்னும் எத்தனையோ நிறுவனங்களின் சர்வர்களில் அசையாமல் உட்கார்ந்திருக்கிறது. அது திருடனைத் தடுப்பதில்லை. நள்ளிரவில் சர்வரைச் சரிசெய்ய வரும் நிர்வாகியைத்தான் வெளியே நிறுத்துகிறது.

பழைய கடவுச்சொல் கையில் இருந்தால், 41 சதவீதக் கடவுச்சொற்களில் அடுத்ததைச் சில நொடிகளில் உடைக்க முடியும் என்று வட கரோலினா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2010-இலேயே காட்டினார்கள். கட்டாயத்துக்காக மாற்றுபவர்கள் கடைசி எண்ணைத்தானே மாற்றுகிறார்கள்! அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017-இல் கால அடிப்படையிலான மாற்றம் வேண்டாம் என்றது. மைக்ரோசாஃப்ட் 2019-இல் தன் பாதுகாப்புப் பரிந்துரையிலிருந்து இந்தக் கெடுவை நீக்கியது. நம் விதிப்புத்தகங்கள் மட்டும் ஏன் நகரவில்லை?

'சாவிக்கோப்பு வைத்துத்தான் எஸ்எஸ்எச்-இல் நுழைகிறோம், கடவுச்சொல் காலாவதியானால் நமக்கென்ன' என்று பலர் இருந்துவிடுகிறார்கள். ஆனால் பெரும்பாலான லினக்ஸ் சர்வர்களில் கணக்கின் காலக்கெடுவை 'பாம்' என்ற அங்கீகார அமைப்பு தனியே சோதிக்கிறது. சாவி சரியாக இருந்தாலும் கெடு முடிந்திருந்தால் புதிய கடவுச்சொல் கேட்டு நிற்கும். இரவில் தானாக ஓடும் பேக்கப் வேலைக்கு யார் பதில் சொல்வது? அது ஓசையில்லாமல் நின்றுபோகும். தரவு அழிந்த அன்றுதான் வாரக்கணக்கில் பேக்கப்பே இல்லை என்பது தெரியும். விண்டோஸ் ரிமோட் டெஸ்க்டாப்பிலோ, நெட்வொர்க் நிலை அங்கீகாரம் இயங்கினால், மாற்றினால்தான் உள்ளே விடும். உள்ளே போனால்தான் மாற்ற முடியும்.

இதைவிட அஞ்ச வேண்டியது இன்னொன்று. கணக்கு பூட்டிக்கொண்டது என்று அழைப்பு வந்ததும், காரணம் பாராமல் திறந்துவிடும் பழக்கம். காலாவதி வேறு, பூட்டு வேறு. லினக்ஸில் 'சேஜ்' கட்டளை கெடுவைக் காட்டும். 'ஃபெயில்லாக்' தவறிய முயற்சிகளைக் காட்டும். விண்டோஸ் டொமைனில் 4740 என்ற நிகழ்வுப் பதிவு, முயற்சி எந்தக் கணினியிலிருந்து வந்தது என்று பெயரோடு சொல்லும். அது ஊழியர் தன் மொபைலில் மாற்ற மறந்த பழைய கடவுச்சொல்லாக இருக்கலாம். வெளியாள் ஒருவன் விடாமல் தட்டிப் பார்ப்பதாகவும் இருக்கலாம். பதிவைப் படிக்காமல் திறப்பவர் அவனுக்கு மறுபடி வாய்ப்பளிக்கிறார்.

'ஆடிட்டர் கேட்பார்' என்பது இனி சாக்காகாது. கார்டு பரிவர்த்தனைகளுக்கான பிசிஐ டிஎஸ்எஸ் தரநிலைகூட, கடவுச்சொல் ஒன்றே காவலாக இருக்கும் இடத்தில்தான் 90 நாளைப் பேசுகிறது. இரண்டாம் அடுக்கு அங்கீகாரத்தைக் கொண்டுவாருங்கள். கசிவு தெரிந்தால் உடனே மாற்றச் சொல்லுங்கள். நாள்காட்டிக்காக மாற்றச் சொல்லாதீர்கள். தானியங்கி வேலைகளுக்குத் தனிக் கணக்கு வையுங்கள். எல்லாக் கணக்கும் பூட்டிக்கொண்டால் நுழைவதற்கென்று ஒதுக்கிய அவசரக் கணக்கில், கன்சோல் வழியாக, இந்த வாரமே ஒருமுறை நுழைந்து பாருங்கள்.