ஆறிய காப்பி

"ஐயா, எங்கள் வீட்டில் பொழுது நான்கு தவணையாக விடிகிறது. மாமனார் ஐந்து மணிக்கு எழுந்திருக்கிறார்; என் கணவர் ஆறு மணிக்கு; பெண் ஏழு மணிக்கு; பிள்ளை எட்டு மணிக்கு. நால்வருக்கும் காப்பி சூடாக இருக்கவேண்டும். ஆனால் சுடவைத்த காப்பியாக இருக்கக்கூடாது. நான் என்ன செய்வது?"

இப்படி ஒரு சகோதரி சென்ற வாரம் எழுதியிருக்கிறார். பௌதிகம் கற்பிக்கும் ஆசிரியனிடம் இதைக் கேட்டால் விடை கிடைக்கும் என்று அவர் நம்பியிருப்பது எனக்குப் பெருமைதான். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகள் உஷ்ணத்தைப் பற்றிக் கேட்கும் கேள்விகளில் பாதி பரீட்சைக்காகப் பிறந்தவை. இந்தக் கேள்வியோ அடுப்பங்கரையில், கண் விழித்து, கால் கடுத்துப் பிறந்தது. ஆகவே இந்த வாரம் முழுவதும் காப்பிக்கே ஒதுக்கிவிட்டேன்.

காப்பி ஏன் ஆறுகிறது? சுற்றியுள்ள காற்றைவிடச் சூடாக இருப்பதனால் என்பது எல்லோரும் அறிந்ததே. எவ்வளவு அதிகச் சூடோ அவ்வளவு வேகமாக ஆறும் என்று நியூட்டன் 1701ஆம் ஆண்டிலேயே சொல்லிவைத்தார். ஆனால் நம் வீட்டு டம்ளரிலே பெரிய திருடன் வேறொருவன் இருக்கிறான். காப்பியின் மேல் எழும் ஆவியைப் பார்த்து, "ஆஹா, எவ்வளவு சூடு!" என்று நாம் மகிழ்கிறோம் அல்லவா? அந்த ஆவியேதான் திருடன். கொதிநிலையில் ஒரு கிராம் ஜலம் ஆவியாகும்போது ஏறக்குறைய 540 காலரி உஷ்ணத்தைத் தன்னுடன் எடுத்துக்கொண்டு போகிறது. 150 கிராம் காப்பியிலிருந்து ஒரே ஒரு கிராம் ஆவியாகிப் பறந்தால், மிச்சமுள்ள காப்பி முழுவதும் மூன்றரை டிகிரி குளிர்ந்துவிடும். என் வகுப்பில் இரண்டு டம்ளர் வெந்நீர் வைத்து, ஒன்றின்மேல் மட்டும் ஒரு சிறு தட்டைக் கவிழ்த்து, உஷ்ணமானியை மாற்றி மாற்றி நுழைத்துப் பார்க்கச் சொல்வது வழக்கம். மூடாத டம்ளர் எப்போதும் முந்திக்கொள்ளும். ஆகையால் சகோதரிக்கு முதல் வார்த்தை: காசு கொடுத்து எதையும் வாங்குமுன், மூடியைத் தேடுங்கள்.

நம் முன்னோர் இதை நன்கு அறிந்திருந்தார்கள் என்பதற்கு டவராவே சாட்சி. வாயகன்ற அந்தப் பாத்திரம் காப்பியை ஆற்றுவதற்கென்றே ஏற்பட்டது. உயரத்தூக்கி ஊற்றும்போது நுரை பொங்குவது கண்ணுக்கு அழகு. உள்ளே நடப்பதோ, காப்பியின் மேற்பரப்பைப் பல மடங்கு பெருக்கிக் காற்றுக்குக் காட்டும் காரியம். பித்தளை டவரா பிடித்த கையைச் சுடும்; எவர்சில்வர் அவ்வளவு சுடாது. எவர்சில்வர் உஷ்ணத்தைக் கடத்தும் திறமை பித்தளையினுடையதில் ஏறக்குறைய ஏழில் ஒரு பங்குதான். பித்தளையில் சாப்பிட்டால்தான் காப்பிக்கு ருசி என்று சத்தியம் செய்பவர்களோடு நான் வழக்காடுவதில்லை. உள்ளே ஈயம் பூசியிருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள் என்பேன். டிகாக்ஷனில் புளிப்பு உண்டு. அது வெறும் பித்தளையோடு வெகுநேரம் உறவாடுவது நல்லதல்ல.

"ஆறினால் என்ன? மறுபடி அடுப்பில் வைத்தால் ஆயிற்று" என்பார்கள் சிலர். இங்கேதான் பௌதிகம் விடைபெற்றுக்கொண்டு ரஸாயனம் உள்ளே நுழைகிறது. வறுத்த காப்பிக்கொட்டையில் குளோரோஜெனிக் அமிலம் என்று ஒரு வகை உண்டு. டிகாக்ஷன் வெகுநேரம் சூட்டிலேயே இருந்தால் அதிலிருந்தும், வறுக்கும்போது அதிலிருந்து உண்டான பொருள்களிலிருந்தும் குவினிக் அமிலம் மேன்மேலும் உண்டாகிறது. நாக்கின் பின்பக்கத்தில் ஒரு புளிப்பும் கசப்பும் தங்கி, "இது காலையில் போட்டதா, நேற்றுப் போட்டதா?" என்று கேட்கத் தோன்றுகிறதே, அதற்கு இது ஒரு முக்கிய காரணம். மற்றொரு காரணம் வாசனை. காப்பியின் மணம் ஒரே பொருளன்று; நூற்றுக்கணக்கான நுண்பொருள்களின் கூட்டம். எல்லாம் எளிதில் பறந்துவிடுபவை. கொதிக்கவைத்தால் வீடெல்லாம் மணக்கும். வீட்டில் மணப்பது டம்ளரில் இராது!

இதை இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டறிந்து எழுதியவர் ரம்போர்டு பிரபு. அமெரிக்காவிலே பிறந்து, ஐரோப்பாவிலே புகழ் பெற்று, பீரங்கிக் குழாயைக் குடையும்போது எழும் சூட்டைப் பார்த்து உஷ்ணம் என்பது ஒரு திரவமன்று என்று வாதாடியவர். அவர் 1812இல் காப்பியைப் பற்றி ஒரு நீண்ட கட்டுரையே வெளியிட்டார். காப்பியைக் கொதிக்கவிடலாகாது, போடும்போது உஷ்ணம் ஒரே நிலையில் இருக்கவேண்டும் என்பது அவர் கட்சி. அதற்காக, காப்பிப் பாத்திரத்தைச் சுற்றி வெந்நீர் நிற்கும்படி இரட்டைச் சுவருள்ள பாத்திரம் ஒன்றையும் அமைத்தார். டிகாக்ஷன் கிண்ணத்தை நேரே அடுப்பில் ஏற்றாமல், வெந்நீர்ப் பாத்திரத்துக்குள் இறக்கிச் சுடவைக்கும் நம் பாட்டிமார்கள் ரம்போர்டு பிரபுவைக் கேள்விப்பட்டவர்கள் அல்லர். ஆனாலும் இருவரும் ஒரே பள்ளிக்கூடம்.

இனி பிளாஸ்க். காப்பிக்காகவே அவதரித்தது போல் நம் வீடுகளில் வீற்றிருக்கும் இந்தப் பாத்திரம், உண்மையில் குளிருக்காகப் பிறந்தது. ஸ்காட்லாந்துக்காரரான ஜேம்ஸ் டேவர் என்னும் விஞ்ஞானி லண்டன் மாநகரில் வாயுக்களைக் குளிரவைத்துத் திரவமாக்கும் ஆராய்ச்சியில் ஈடுபட்டிருந்தார். பாடுபட்டுத் திரவமாக்கிய வாயு, கண்ணெதிரே மறுபடியும் ஆவியாகிப் பறந்துவிடும். 1892இல் அவர் ஒரு யுக்தி செய்தார். கண்ணாடிக் குப்பிக்குள் கண்ணாடிக் குப்பி. நடுவிலுள்ள காற்றை உறிஞ்சி வெளியேற்றிய சூனியம். காற்று இல்லாத இடத்தில் உஷ்ணம் கடந்து செல்லவும் ஆளில்லை. சுமந்து செல்லவும் ஆளில்லை. எஞ்சியது கதிர்வீச்சு ஒன்றுதான். அதைத் திருப்பியடிக்கக் கண்ணாடிக்கு ரஸப்பூச்சுப் போன்ற வெள்ளிப் பூச்சு. 1898இல் ஹைட்ரஜனைத் திரவமாக்கியபோது, பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரியில் உள்ள அதைத் தேக்கிவைக்கக் கைகொடுத்தது இந்தக் குப்பியே.

டேவர் இதற்குப் பேடண்ட் எடுத்துக்கொள்ளவில்லை. பெர்லினில் ரெயின்ஹோல்ட் பர்கர் என்ற கண்ணாடித் தொழிலாளி அதற்கு உலோகச் சட்டை போட்டு, வீட்டு உபயோகத்துக்கு ஏற்றபடி செய்தார். 1904இல் 'தெர்மாஸ்' என்ற பெயருடன் அது கடைத்தெருவுக்கு வந்தது. டேவர் வழக்காடிப் பார்த்தும் பயனில்லை. கண்டுபிடித்த கீர்த்தி அவருக்கு, காசு பிறருக்கு என்று முடிந்தது. 1913இல் அமெரிக்காவில் வில்லியம் ஸ்டான்லி முழுதும் எஃகினால் ஆன பிளாஸ்கைச் செய்தார். ரெயில் பிரயாணத்தில் பிளாஸ்க் கைதவறி விழுந்து, உள்ளே 'கலகல'வென்ற அந்தத் துயர ஓசையைக் கேட்டவர்களுக்கு ஸ்டான்லியின் அருமை தெரியும்.

பிளாஸ்கை உபயோகிப்பதிலும் ஒரு முறை உண்டு. காலிப் பிளாஸ்கில் நேரே காப்பியை ஊற்றினால், முதல் சூட்டைப் பிளாஸ்கே குடித்துவிடும். ஆகவே கொதிக்கும் வெந்நீரை ஐந்து நிமிஷம் ஊற்றிவைத்து, அதைக் கொட்டிவிட்டுப் பிறகு ஊற்றவேண்டும். கழுத்துவரை நிரப்பவேண்டும், அரைப் பிளாஸ்க் முழுப் பிளாஸ்கைவிடச் சீக்கிரம் ஆறும். உஷ்ணம் பெரும்பாலும் தப்பிப்பது மூடி வழியாகத்தான். அடிக்கடி திறந்து பார்ப்பது உதவாது.

இவ்வளவும் எனக்குத் தெரிந்திருந்தும் நான் ஒரு தவறு செய்தேன். அதைச் சொல்லாவிட்டால் இந்தக் கட்டுரை யோக்கியமாகாது.

சில வருஷங்களுக்கு முன் என் தகப்பனார் காலில் எலும்பு முறிந்து ஆஸ்பத்திரியில் இருந்தார். இரவுத் துணைக்கு நான். அறுபது வருஷமாக விடியற்காலை நாலு மணிக்குக் காப்பி சாப்பிட்டுப் பழகியவர் அவர். நாலு மணிக்கு ஆஸ்பத்திரியில் காப்பிக்கு எங்கே போவது? என் மனைவி இரவு ஒன்பது மணிக்கு நல்ல கெட்டிப் பால் விட்டு, சர்க்கரை சேர்த்துக் கலந்த காப்பியைப் பிளாஸ்கில் ஊற்றிக் கொடுத்தாள். ஏழு மணி நேரம் தாங்கும் என்று கணக்குப் போட்டுச் சொன்னவன் நான்தான். நாலு மணிக்குத் திறந்து ஊற்றினேன். வெதுவெதுப்பாக இருந்தது. அறையில் மங்கிய நீல விளக்கு. அப்பா ஒரு வாய் குடித்தார், சற்று நிறுத்தினார், மறுபடி ஒரு வாய் குடித்தார். "நன்றாய்த்தானேடா இருக்கிறது" என்று தாமாகவே சொன்னார். நான் கேட்கவேயில்லை! எனக்குச் சந்தேகம் தட்டியது. டம்ளரை வாங்கி ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். ஓரமெல்லாம் துளித்துளியாகத் திரிந்திருந்தது. நான் முகத்தைத் திருப்பிக்கொண்டதும் அவர், "போகட்டும், நீ தூங்கு" என்றார்.

கணக்கில் எங்கே பிசகினேன்? சூட்டைப் பற்றி யோசித்தேனே ஒழியப் பாலைப் பற்றி யோசிக்கவில்லை. பாலைக் காய்ச்சும்போது பெரும்பாலான கிருமிகள் மடிகின்றன. ஆனால் சில கிருமிகளின் விதைகள் கொதிப்பையும் தாங்கும். 60 டிகிரிக்கு மேல் உள்ள வரையில் அவை அடங்கிக் கிடக்கும். அதற்குக் கீழே இறங்கியதும் விழித்துக்கொண்டு பெருகத் தொடங்கும். பழைய பிளாஸ்கில் வெதுவெதுப்பாக நிற்கும் இனிப்புப் பால் அவற்றுக்குக் கல்யாண விருந்து. சூட்டைக் காக்கும் பாத்திரம், சூடு குறைந்தபின் கிருமியைக் காக்கும் பாத்திரமாகிவிடுகிறது. திரிந்தது கண்ணுக்குத் தெரிகிறது. திரியாமலே கெடுவதும் உண்டு. நோயாளிக்கு அதைக் கொடுத்தேனே என்று அன்று மாலை வரை என் வயிறு கலங்கியது. தெய்வாதீனமாக அவருக்கு ஒன்றும் நேரவில்லை.

மறுநாள் முதல் ஏற்பாட்டை மாற்றினோம். பிளாஸ்கில் கொதிக்கக் கொதிக்க வெந்நீர் மட்டும். சிறிய கண்ணாடிப் புட்டியில் கெட்டி டிகாக்ஷன், பால் கலவாமல். ஒரு பொட்டலத்தில் பால்பொடி. நாலு மணிக்கு மூன்றையும் சேர்த்துக் கலக்கிக் கொடுப்பேன். அப்பா முகம் சுளித்து, "இது காப்பியா? மாவுக் கஞ்சி" என்பார். வாய் திறந்து குறை சொல்லுகிறாரே என்று எனக்கு ஒரே சந்தோஷம்.

சகோதரியின் வீட்டுக்கு இதையே சற்று மாற்றிச் சொல்கிறேன். இரவிலோ விடியற்காலையிலோ ஒரே தடவையாகக் கெட்டி டிகாக்ஷன் இறக்கிக்கொள்ளுங்கள். மாமனாருக்கு அப்போதே கலந்து கொடுங்கள். மிச்சத்தைச் சூடாக வைத்திருக்க முயலவேண்டாம். ஆறவிட்டு, கண்ணாடிப் பாத்திரத்தில் இறுக மூடிக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிடுங்கள். குளிரில் டிகாக்ஷனின் ரஸாயன மாறுதல்கள் மெதுவாகின்றன. அன்றைய பொழுதுக்குக் குறைவில்லை. பாலையும் காய்ச்சிக் குளிரவைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொருவர் எழுந்ததும் பாலை மட்டும் நன்றாகக் காய்ச்சி, அந்தச் சூட்டிலேயே டிகாக்ஷனை விட்டால் போதும். டிகாக்ஷன் கெட்டியாக, கொஞ்சமாக இருப்பதே இதில் ரகசியம். நீர்த்த டிகாக்ஷனை நிறைய விட்டால் பால் ஆறிப்போகும்.

பொடியையும் கவனியுங்கள். வறுத்த கொட்டை பல நாட்கள் கரியமில வாயுவை வெளியே விட்டுக்கொண்டிருக்கும். அது மணத்துக்கு ஒரு காவல். அரைத்ததும் அந்தக் காவல் வெகு சீக்கிரம் கலைந்துவிடும். பிராணவாயு உள்ளே புகுந்து எண்ணெய்ப் பசையைக் காறவைக்கும். வாரத்துக்கு வேண்டிய அளவே அரைத்து வாங்கி, வெளிச்சம் படாத இடத்தில், சிறிய டப்பாவில் நிறைய வையுங்கள். பெரிய டப்பாவில் பாதியாக வேண்டாம். சிக்கரி கலந்த பொடி ஈரத்தைச் சட்டென்று இழுத்துக் கட்டிதட்டும். ஈரக் கரண்டி ஆகாது. குளிர்ப்பெட்டியில் வைத்து நிமிஷத்துக்கொரு தரம் வெளியே எடுத்தால் பொடியின் மேல் பனி படியும். அதைவிட அலமாரியே மேல்.

காப்பி நம் வீட்டுக்குள் வந்த காலத்தில், பழையதையும் நீராகாரத்தையும் விரட்டிவிட்டதே என்று பெரியவர்கள் அங்கலாய்த்ததை எல்லாம் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலில் சுவையாக எடுத்துக் காட்டியிருக்கிறார். பழையதுக்கு ஒரு சௌகரியம் இருந்தது: அதைச் சூடாக வைத்திருக்க ஒருவரும் அடுப்பண்டை காத்துக் கிடக்கவேண்டியதில்லை. எட்டு மணிக்கு எழுந்திருக்கும் பிள்ளைக்கு என்ன வயது என்று சகோதரி எழுதவில்லை. பதினைந்துக்கு மேல் என்றால், பாலைக் காய்ச்சி டிகாக்ஷன் விட்டுக்கொள்ள அவனுக்கு ஒரே நாளில் கற்றுக்கொடுத்துவிடலாம். கணவருக்கு இரண்டு நாள் பிடிக்கும்.

என் தகப்பனார் பதினோராம் நாள் வீடு திரும்பினார். கட்டுப்போட்ட காலை நாற்காலியில் நீட்டி உட்கார்ந்ததும், என் மனைவி கொண்டுவந்த டவராவை வாங்கி, மூக்கண்டை வைத்து முகர்ந்தார். பிறகு என்னைப் பார்த்து, "அந்தப் பிளாஸ்கை யாருக்காவது கொடுத்துவிடு" என்றார்.