புதுசா வர்றவனுக்கும் ஒரு பட்டியல்

பணம் கட்டி ஆடுற ஆன்லைன் விளையாட்டை 2025 ஆகஸ்டில் மத்திய அரசு சட்டம் போட்டுத் தடுத்தது. நல்லதுதான். நெல்லு வித்த காசை அதில் விட்ட பையன்கள் எங்க ஊர்லயும் உண்டு.

ஆனா ஃபேன்டஸி கிரிக்கெட்டே கெட்டதுன்னு சொல்ல மாட்டேன். 11 பேரைப் பொறுக்கணும். கேப்டனுக்கு இரண்டு மடங்கு புள்ளி, துணைக் கேப்டனுக்கு ஒன்றரை மடங்கு. மூளைக்கு வேலை இருக்கு. காசில்லாமலும் ஆடலாம்.

குறை என்னன்னா, நேத்து வந்தவனும் பல வருஷம் ஆடினவனும் ஒரே பட்டியல்ல நிக்கிறாங்க. ஊர்க் கபடியில எடை பார்த்துப் பிரிக்கிறோமே! ஆபீஸ் நண்பர்களோட லீக் நடத்துறீங்கன்னா, முதல் சீசன் ஆடுறவங்களுக்குத் தனிப் பட்டியல் வையுங்க. ஆளுக்கு ஒரே அணிதான். பழைய ஆளுங்களுக்கு வீரரை மாத்துற வாய்ப்பைக் குறைங்க. அவங்களுக்கும் அப்பத்தான் சவால்.

தோத்துக்கிட்டே இருக்கிறவன் எத்தனை நாள் களத்துல நிப்பான்?