காட்டுச் சாலையில் வேகமே முதல் எதிரி

கோவையையும் பெங்களூருவையும் இணைக்கும் தேசிய நெடுஞ்சாலையில், சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்தின் ஊடாகச் செல்கிறது திம்பம் மலைப்பாதை. 27 கொண்டை ஊசி வளைவுகளைக் கொண்ட அந்தப் பாதையில், சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவுப்படி 2022 பிப்ரவரியில் இரவு நேரப் போக்குவரத்துத் தடை நடைமுறைக்கு வந்தது. உடனே இரண்டு குரல்கள் எழுந்தன. வண்டிகளில் அடிபட்டு மாளும் விலங்குகளுக்காக எழுந்தது ஒன்று. விளைந்த காய்கறியை விடிவதற்குள் சந்தைக்குக் கொண்டுசேர்க்க வேண்டிய தாளவாடி மலை உழவர்களுடையது மற்றொன்று. பின்னர் உள்ளூர் மக்களுக்குச் சில விலக்குகள் அளிக்கப்பட்டு, அதிக எடை கொண்ட லாரிகளுக்குக் கட்டுப்பாடு விதிக்கப்பட்டது. போராட்டம் ஓய்ந்தது. ஆனால், விலங்கா, மனிதரா என்ற கேள்வியாகவே இந்த விவாதம் இன்னமும் நீடிக்கிறது.

கேள்வியே தவறு என்பதுதான் இங்கே கவனிக்க வேண்டியது. ஒரு கடமான் மீது மோதும் இருசக்கர வாகன ஓட்டி உயிர் தப்புவது அரிது. வளைவில் நிற்கும் யானையைக் கண்டு திடீரெனத் திரும்பும் வேன், பள்ளத்தில் கவிழக்கூடும். வலசைப் பாதையைக் காப்பதும் சாலையில் செல்வோரைக் காப்பதும் வெவ்வேறு பணிகள் அல்ல. ஒரே பணியின் இரு பக்கங்கள்.

ஏன் கடக்கின்றன?

சத்தியமங்கலம், முதுமலை, பந்திப்பூர், நாகரஹொளே, வயநாடு ஆகிய காடுகள் ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஆசிய யானைகள் மிக அதிக எண்ணிக்கையில் வாழும் நிலப்பரப்பு இது. 2024 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் 3,063 யானைகள் இருந்தன. வளர்ந்த யானை ஒன்றுக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 150 கிலோ தீவனமும் 100 லிட்டருக்கு மேல் நீரும் தேவை. எந்தக் காடும் ஆண்டு முழுவதும் ஒரே இடத்தில் இவற்றைக் கொடுத்துவிடாது. மழை பெய்யும் திசையை நோக்கி மந்தைகள் நகர்ந்தாக வேண்டும். அந்த நகர்வின் குறுக்கே போடப்பட்டிருப்பவைதாம் நம் நெடுஞ்சாலைகள்.

சாலை குறுக்கிடுவதோடு நிற்பதில்லை, விலங்குகளை ஈர்க்கவும் செய்கிறது. ஓரங்களில் புதரை வெட்டி வெளிச்சமாக்கும்போது, முதல் மழைக்கே அங்கு இளம்புல் தழைத்து மான்களை அழைக்கிறது. பகலில் சூடேறிய தார்ச்சாலையில் குளிர்காய இரவில் பாம்புகள் வருகின்றன. பயணிகள் எறியும் தின்பண்டங்களுக்காகக் குரங்குகள் காத்திருக்கின்றன. ஆசனூர் பகுதியில் கரும்பு லாரிகளை மறித்து நிற்கும் யானைகள், ஓட்டுநர்கள் வீசிய கரும்பால் அப்பழக்கத்துக்கு ஆளானவையே. அதை வேடிக்கையாகக் காணொளியில் பார்க்கிறோம். ஆனால், தீனிக்காகச் சாலையோரம் நிற்கப் பழகிய யானை, தனக்கும் வழிப்போக்கருக்கும் ஒருசேர ஆபத்தாக முடிகிறது.

வேகத்தின் கணக்கு

மணிக்கு 80 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் வாகனம் ஒரு நொடியில் 22 மீட்டரைக் கடந்துவிடும். எதிரே ஏதோ நிற்கிறது என்று உணர்ந்து பிரேக்கை மிதிக்க ஓட்டுநருக்கு ஒன்றரை நொடி ஆகிறது என்று கொண்டால், அதற்குள் 33 மீட்டர் போய்விடும். பிறகு வண்டி நிற்க, காய்ந்த சாலையில்கூட, மேலும் 35 மீட்டருக்குக் குறையாமல் வேண்டும். ஆக, மொத்தம் ஏறத்தாழ 70 மீட்டர். முகப்பு விளக்கின் தாழ்ந்த ஒளியிலோ, சாம்பல் நிற யானையோ பழுப்பு நிற மானோ அவ்வளவு தொலைவில் தெளிவாகப் புலப்படாது. பார்த்த பிறகு நிறுத்த முடியாத வேகம் என்பது இதுதான்.

அதே வாகனம் 40 கிலோமீட்டர் வேகத்தில் சென்றால் 25 முதல் 30 மீட்டருக்குள் நின்றுவிடும். விலங்கும் பிழைக்கும், ஓட்டுநரும் பிழைப்பார். மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகத்தின் கணக்குப்படி, 2022இல் நாட்டில் சாலை விபத்துகளில் இறந்தோர் 1,68,491 பேர். இவற்றில் 70 விழுக்காட்டுக்கும் மேற்பட்ட மரணங்களுக்கு அதிவேகமே காரணம். காட்டில் மானைக் கொல்வதும் ஊரில் மனிதரைக் கொல்வதும் ஒரே காரணம் என்பதை இந்தப் புள்ளிவிவரம் சொல்கிறது.

தடை மட்டும் போதுமா?

பந்திப்பூர் வழியாகச் செல்லும் இரண்டு தேசிய நெடுஞ்சாலைகளில் 2009இல் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை போக்குவரத்து தடைசெய்யப்பட்டது. கர்நாடக உயர் நீதிமன்றம் 2010இல் அதை உறுதிசெய்தது. ஆம்புலன்ஸ் போன்ற அவசர வாகனங்களுக்கும் குறிப்பிட்ட சில பேருந்துகளுக்கும் விலக்கு உண்டு. ஹுன்சூர், கோணிகொப்பல், குட்டா வழியாக மாற்றுச் சாலையும் இருக்கிறது. ஆயினும் வயநாட்டு மக்கள் இத்தடையைத் தங்கள் மீதான சுமையாகவே கருதினர். 2019இல் பெரும் போராட்டமும் நடத்தினர்.

செலவு குறைந்த, உடனடியாகப் பலன் தரும் வழி இரவுத் தடை. மாற்றுச் சாலை உள்ள இடங்களில் அதைத் தளர்த்தக் கூடாது. ஆனால், அதற்கு எல்லை உண்டு. அந்தியிலும் விடியலிலும் விலங்குகளின் நடமாட்டம் மிகுதி. அந்த நேரத்தின் பெரும்பகுதியில் சாலை திறந்தே இருக்கிறது. பகலில் செல்லும் வண்டிகளின் வேகத்தைத் தடை உத்தரவு தொடுவதே இல்லை. இரவெல்லாம் சோதனைச் சாவடியில் காத்திருந்த வண்டிகள், 6 மணிக்குத் தடுப்பு உயர்ந்ததும் இழந்த நேரத்தை ஈடுகட்ட விரைவதும் உண்டு.

வேகத்தைக் கட்டுப்படுத்த அறிவிப்புப் பலகையும் போதாது. காட்டுக்குள் நுழையும் சாவடியில் நேரத்தைக் குறித்து, வெளியேறும் சாவடியில் சரிபார்த்தால், இடையில் எவ்வளவு வேகமாக வந்தார்கள் என்பது தெரிந்துவிடும். அஸ்ஸாமின் காசிரங்காவில், வெள்ளக் காலத்தில் விலங்குகள் சாலையைக் கடந்து மேட்டுநிலம் தேடும்போது, வாகனங்களுக்கு இவ்வாறு நேர அட்டை வழங்கப்படுகிறது. இன்று எண் பலகையைப் படிக்கும் கேமராக்கள் வந்துவிட்டதால் அட்டைகூடத் தேவையில்லை.

பாதைக்குக் கீழே ஒரு பாதை

நிரந்தரத் தீர்வு கட்டுமானத்தில் இருக்கிறது. பெஞ்ச் புலிகள் காப்பகப் பகுதியில் தேசிய நெடுஞ்சாலை 44 விரிவாக்கப்பட்டபோது, நீண்ட சட்டப் போராட்டத்துக்குப் பிறகு, விலங்குகள் கடக்கச் சாலைக்கு அடியில் ஒன்பது வழிகள் அமைக்கப்பட்டன. அவற்றுள் நீளமானது 750 மீட்டர். புலி உள்ளிட்ட பல விலங்குகள் அவற்றைப் பயன்படுத்துவதை இந்தியக் கானுயிர் நிறுவனத்தின் கேமராக்கள் பதிவுசெய்துள்ளன. கனடாவின் பான்ஃப் தேசியப் பூங்காவில் வேலியும் மேம்பாலங்களும் சுரங்கவழிகளும் சேர்த்து அமைத்த பிறகு, விலங்குகள் மீதான மோதல்கள் 80 விழுக்காட்டுக்கு மேல் குறைந்தன.

தமிழகத்துக்கும் இதில் முன்னனுபவம் உண்டு. கோவை மதுக்கரை வனச்சரகப் பகுதியில் 2021 நவம்பரில் ரயில் மோதி மூன்று யானைகள் இறந்தன. அதன்பின் தண்டவாளத்துக்கு அடியில் யானைகள் செல்லச் சுரங்கவழிகள் அமைக்கப்பட்டன. செயற்கை நுண்ணறிவுக் கேமராக்கள் யானையைக் கண்டு ரயில்வேக்கு எச்சரிக்கை தரும் ஏற்பாடு 2024இல் தொடங்கப்பட்டது. தண்டவாளத்தில் இயன்றது சாலையில் இயலாதா?

ஆனால், கட்டுமானம் மட்டும் பலன் தராது. சுரங்கவழியின் மறுமுனையில் தங்கும் விடுதியின் மின்வேலி நின்றால் யானை எங்கே போகும்? சீகூர் யானை வழித்தடம் தொடர்பான தமிழக அரசின் 2010 அறிவிக்கையை உச்ச நீதிமன்றம் 2020இல் உறுதிசெய்ததன் பொருள் இதுவே: வழித்தடம் தொடர்ச்சியாக இருந்தால்தான் அது வழித்தடம்.

செய்ய வேண்டியவை

மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகம் 2023இல் நாடு முழுவதும் 150 யானை வழித்தடங்களைப் பட்டியலிட்டது. அந்த வரைபடம் வனத்துறையின் அலமாரியில் இருந்தால் பயனில்லை. நெடுஞ்சாலைத் துறையின் திட்ட மேசையில் இருக்க வேண்டும். சாலையை அகலப்படுத்த ஒப்பந்தம் விடும் முன்பே, கடவுவழிகளுக்கான செலவு திட்ட மதிப்பீட்டில் சேர்க்கப்பட வேண்டும். வழக்கு தொடுத்த பிறகு சேர்ப்பதால் காலமும் பணமும் விரயமாகின்றன.

அடுத்து, விலங்கு இறப்புகளை வனத்துறையும், மனித விபத்துகளைக் காவல் துறையும் தனித்தனியே குறித்துவைக்கும் நிலை மாற வேண்டும். இரண்டையும் ஒரே வரைபடத்தில் வைத்துப் பார்த்தால், எந்த வளைவில் யார் இறக்கிறார்கள் என்பது புலப்படும். எங்கே வேகத்தடை, எங்கே சுரங்கவழி என்பதை முடிவெடுக்கலாம். இறுதியாக, இரவுத் தடையால் வருமானம் இழக்கும் மலை உழவர்களுக்குக் குளிர்பதனக் கிடங்கும், விளைபொருளை மாலைக்குள் கொள்முதல் செய்யும் ஏற்பாடும் அரசு செய்துதர வேண்டும். காட்டைக் காக்கும் செலவை, காட்டோரம் வாழ்பவர் மட்டுமே சுமப்பது நியாயமல்ல.

காட்டின் ஊடே செல்லும் சில கிலோமீட்டரில் வேகத்தைப் பாதியாகக் குறைத்தால் பயணத்தில் கூடுவது பத்து, பதினைந்து நிமிடம். அதைக் கொடுக்கத் தயங்கும் சாலை, மானுக்கு மட்டுமல்ல, வீட்டில் காத்திருக்கப்படும் மனிதருக்கும் பாதுகாப்பானதல்ல.