இரண்டு நாள்... உங்கள் இருவருக்கு மட்டும்!

'பாரிஸில் இரண்டு நாள்!', 'வெனிஸில் காதல் விடுமுறை!' - இந்த மாதிரி விளம்பரங்களைப் பார்த்துப் பெருமூச்சு விடுகிறவரா நீங்கள்? "நமக்கெங்கே அதெல்லாம்..." என்று பக்கத்தைப் புரட்டி விடாதீர்கள்.

லண்டன்காரர்களுக்கு பாரிஸ் பக்கத்து ஊர் மாதிரி! கடலுக்கு அடியில் 1994-ல் திறந்த சுரங்கப் பாதை வழியே ரயிலில் சுமார் இரண்டேகால் மணி நேரம். வெள்ளி மாலை கிளம்பினால் ஞாயிறு இரவு வீடு திரும்பலாம். நாம் போவதென்றால் விசா, விமானம், லட்சங்களில் செலவு... போய் இறங்கி, அந்த ஊர் நேரத்துக்கு உடம்பு பழகுவதற்குள் இரண்டு நாளும் ஓடிவிடும். ஆகவே, அவர்களைப் பார்த்துப் பழக வேண்டியது ஊரை அல்ல. புருஷன் பெண்டாட்டி இருவர் மட்டும் அவ்வப்போது கிளம்பிவிடுகிற அந்தப் பழக்கத்தை!

இது யாருக்கு ரொம்பத் தேவை? என்னைக் கேட்டால், கன்னியாகுமரி மாவட்டத்து இனயம் போன்ற கடற்கரை ஊர்களுக்கு என்பேன். கணவர் வளைகுடா நாட்டில் வேலை. லீவில் வந்தால் ஒரு மாதம். அதற்குள் நாலு கல்யாணம், இரண்டு ஞானஸ்நானம், பாங்க், பாதியில் நிற்கும் வீட்டு வேலை... "ஏங்க, ஒரு விஷயம் பேசணும்" என்று மனைவி ஆரம்பிக்கும்போதே வாசலில் அடுத்த விருந்தாளி! பேச வேண்டியது பேசாமலே பெட்டி கட்டும் நாள் வந்துவிடும். அப்புறம் எல்லாமே போனில்தான்.

விசைப்படகில் ஆழ்கடலுக்குப் போகிறவர்கள் வீட்டிலும் இதே கதைதான். போனால் வாரக்கணக்கில் கடல். மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை தடைக்காலம். அதையும் வலையும் எஞ்சின் ரிப்பேரும் தின்றுவிடும்.

தீராத தலைவலிக்கும் தூக்கமின்மைக்கும் மனசுதான் காரணம் என்று சொல்லமாட்டேன், டாக்டரைப் பாருங்கள். ஆனால், மனசு விட்டுப் பேச ஆளில்லாத வீட்டில் எந்த நோயும் கொஞ்சம் கூடுதலாகவே வலிக்கும்.

சரி, எங்கே போவது? இனயத்திலிருந்து பஸ் தூரத்திலேயே இருக்கிறது பத்மநாபபுரம் அரண்மனை. மரவேலைப்பாட்டை நின்று நிதானமாகப் பாருங்கள் (திங்கட்கிழமை விடுமுறை). 1966-ல் கட்டிய மாத்தூர் தொட்டிப் பாலத்தில், 115 அடி உயரத்தில், பேசிக்கொண்டே நடக்கலாம். மழைக்காலமென்றால் திற்பரப்பு அருவி. வெள்ளம் அதிகமாகிக் குளிக்கத் தடை போட்டிருந்தால் மீறாதீர்கள். கன்னியாகுமரியில் ஓர் இரவு தங்கினால், விடிந்ததும் சூரிய உதயம். விவேகானந்தர் பாறைக்கும் வள்ளுவர் சிலைக்கும் இடையே 2024 டிசம்பரில் திறந்த கண்ணாடிப் பாலம் வேறு இருக்கிறது.

எல்லாவற்றையும் ஒரே மூச்சில் பார்க்க ஓடாதீர்கள். ஒரு நாளைக்கு ஓர் இடம் போதும். அறையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். பிரஷர், சர்க்கரை மாத்திரைகளை மறக்காமல் எடுத்து வையுங்கள். செல்போனைக் காலையும் மாலையும் பிள்ளைகளிடம் பேச மட்டும் எடுங்கள். வீட்டுக் கடனையும் நாத்தனார் சண்டையையும் ஊரிலேயே விட்டுவிட்டுப் போங்கள்!

"பிள்ளைகளை விட்டுட்டு ஊர் சுத்தப் போறாளாம்" என்று யாராவது முணுமுணுக்கத்தான் செய்வார்கள். மாமியார்மார்களே, உங்களுக்கு ஒரு வார்த்தை: அந்த இரண்டு நாள் பேரப்பிள்ளைகளை நீங்கள் பார்த்துக்கொண்டால், உங்கள் மகன் திரும்பவும் கப்பலோ விமானமோ ஏறும்போது நிம்மதியாகப் போவான். மருமகளும் நிம்மதியாக இருப்பாள். இதைவிடப் பெரிய சீர் எதுவும் நீங்கள் செய்ய முடியாது.

கணவர்களே, லீவு கிடைத்ததும் முதலில் கல்யாணத் தேதிகளைக் குறிக்காதீர்கள். உங்கள் இரண்டு நாளைக் காலண்டரில் சிவப்பு மையால் வட்டமிடுங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம்!