பாழும் பழுதும்

ஆங்கிலக் கதைகளைத் தமிழாக்குவோர் ‘டிலாப்பிடேற்றெட்’ என்னும் அடைமொழியைக் கண்டதும் ‘பாழடைந்த’ என்று எழுதிவிட்டு அப்பாற் செல்வர். வகுப்பறைகளிலும் இதுவே வழக்கம். இம்மொழிபெயர்ப்பு பலவிடங்களிற் பொருந்தாது என்பதே எம் கருத்து.

இலத்தீனில் ‘லாப்பிஸ்’ என்றாற் கல். அதனடியாகப் பிறந்த ‘டிலாப்பிடாரே’ என்னும் வினை, உள்ள பொருளை வீணே இறைத்தழித்தலைக் குறித்தது. வேரிலே கல் இருத்தலால், கற்கட்டடங்களுக்கு மட்டுமே இவ்வடைமொழி உரியதென வாதிடுவாரும் உளர். இது வீண் வாதம். எள்ளின் நெய்யே எண்ணெய். எனினும் தேங்காயெண்ணெய், மண்ணெண்ணெய் என்று கூற நாம் நாணுவதில்லை. சொல்லின் பொருளை முடிவுசெய்வது வேரன்று, வழக்கே.

அவ்வழக்கு யாது? இங்கிலாந்துத் திருச்சபைச் சட்டத்தில் ‘டிலாப்பிடேஷன்’ என்பது, குருவானவர் தம் பொறுப்பிலிருந்த கட்டடங்களைப் பழுதுபாராது விட்டமையால் நேர்ந்த கேட்டைக் குறித்தது. இதன்பொருட்டு 1871இல் தனிச்சட்டமொன்றும் இயற்றப்பட்டது. குத்தகைக்காரர் உடன்படிக்கைப்படி செய்யாது விட்ட திருத்தவேலைகளை இன்றும் அந்நாட்டுச் சட்டத்தரணிகள் இப்பெயராலேயே சுட்டுகின்றனர். முதுமையாலும் ஒரு வீடு இந்நிலை எய்தலாம். ஆயினும், பேணவேண்டியவர் பேணவில்லை என்ற குறிப்பு இச்சொல்லில் பெரும்பாலும் உடன்நிற்கின்றது.

இதனை ‘டெறிலிக்ற்’, ‘றாம்ஷக்கிள்’ என்பவற்றோடு மயக்கலாகாது. முன்னையது உடையவராற் கைவிடப்பட்டது. பின்னையது செவ்வையாகப் பொருத்தப்படாமல் ஆட்டங்காண்பது.

தமிழிற் ‘பாழ்’ என்பதோ வெறுமையை உணர்த்துவது. பாழடைந்த வீடு என்றதும் ஆளற்ற வீடே எம் கண்முன் நிற்கும். சாள்ஸ் டிக்கின்ஸ் 1852–53இல் தொடராக வெளியிட்ட ‘பிளீக் ஹவுஸ்’ நாவலில் இலண்டன் சேரியொன்று வருகின்றது. அந்நிலம் முடிவுறாத வழக்கிற் சிக்கிக் கிடக்கின்றது. வீடுகள் இடிந்து வீழ்கின்றன. ஆயினும் அவற்றுள்ளே ஏழைகள் நெருங்கி வாழ்கின்றனர். அவ்வீடுகளைப் ‘பாழடைந்தவை’ என்று எழுதினால், உள்ளே வாழ்வோரும் மறைவர். அவற்றைப் பேணாது விட்டோரும் தப்புவர். காலத்தின்மீது பழி சாரும்.

‘பேணாது சிதைந்த’, ‘பழுதுபாராது விட்ட’ என இடத்திற்கேற்ப எழுதினால் குறையொன்றுமில்லை. மாணவர் இச்சொல்லை எதிர்ப்படும்போது ஆசிரியர் இரு வினாக்களை எழுப்புவாராக: அங்கே ஆள் வாழ்கின்றாரா? அதனைப் பேணவேண்டியவர் யார்? விடை கிடைத்த பின் தமிழ்ச்சொல்லைத் தேடலாம்.