பொருளுக்குப் பெயர் வைப்பது யார்?

(இரண்டாம் ஆண்டு இளம் அறிவியல், இயற்பியல்)

நிலக்கடலையைத் தோலோடு இறக்குமதி செய்தால் அதற்கு ஓர் எண். உடைத்துப் பருப்பாக்கினால் வேறோர் எண். வறுத்துவிட்டாலோ 12ஆம் அத்தியாயத்திலிருந்து 20ஆம் அத்தியாயத்துக்கே போய்விடும். சுங்கத் தீர்வை அட்டவணை உலகத்துப் பொருள்களையெல்லாம் இப்படித்தான் எண்ணிட்டு அடுக்கி வைத்திருக்கிறது. ஆலங்குடி வட்டாரத்துக்காரனுக்கு இதில் வியப்பில்லை. நம் மண்டியிலும் கடலைக்கு ஒரு விலை, பருப்புக்கு ஒரு விலைதான். ஆனால் கடலையைப் பார்த்தவுடன் இன்னதென்று சொல்லிவிடலாம். மின்னணு உறுப்பு ஒன்றைக் கையில் கொடுத்தால், அது என்ன வேலை செய்கிறது என்று அறிந்தவனே பெயர் சொல்ல முடியும்.

அந்த உறுப்புகளுக்குரியது 85ஆம் அத்தியாயம். டையோடு, டிரான்சிஸ்டர் 8541, ஐ.சி. 8542, தொலைபேசிக் கருவிகளும் அவற்றின் பாகங்களும் 8517. உலக வர்த்தக அமைப்பு நாடுகள் பல 1996இல் சிங்கப்பூரில் கூடித் தகவல் தொழில்நுட்பப் பொருள்களுக்குத் தீர்வையை நீக்க உடன்பட்டன. இந்தியா 1997இல் அதில் சேர்ந்தது. ஆகவே ஒரே தலைப்பின் கீழ் ஒரு வரியில் அமர்ந்தால் விலக்கு; அடுத்த வரியில் அமர்ந்தால் நூற்றுக்குப் பத்து, இருபது.

இதன் கனம் எவ்வளவு என்பதற்குச் சாம்சங் வழக்கு ஒன்றே போதும். 4ஜி கோபுரங்களில் பொருத்தும் 'ரிமோட் ரேடியோ ஹெட்' என்னும் கருவியை அந்நிறுவனம் 2018 முதல் 2021 வரை கொரியாவிலிருந்தும் வியட்நாமிலிருந்தும் தீர்வையின்றிக் கொண்டுவந்து ஜியோவுக்கு விற்றது. அது அனுப்பவும் வாங்கவும் செய்யும் டிரான்சீவர், எனவே தீர்வை உண்டு என்றது சுங்க இலாகா. அந்த வேலையை அது செய்யவில்லை என்றது நிறுவனம். 2025 ஜனவரியில் வரியும் அபராதமுமாக 60 கோடி டாலருக்கு மேல் கட்டச் சொல்லி உத்தரவு பிறந்தது. நிறுவனம் மும்பைத் தீர்ப்பாயத்துக்குப் போயிற்று. டிரான்சீவர் என்பது எது? நாம் செய்முறை வகுப்பில் கேட்கும் கேள்வி!

நான் எந்தக் கம்பெனிக்கும் வக்காலத்து வாங்க வரவில்லை. சரக்கு துறைமுகத்தைக் கடந்து பல ஆண்டுகள் ஆனபின் பெயர் மாற்றிச் சொல்லும் முறையைத்தான் குறை சொல்கிறேன். பெரிய நிறுவனம் வக்கீல் வைத்து வாதாடும். சென்னை ரிச்சி தெருவுக்கு நாலு பெட்டி உதிரிபாகம் வரவழைக்கும் சிறு வியாபாரி என்ன செய்வார்?

உச்ச நீதிமன்ற அரசியல் சாசன அமர்வு 2018 ஜூலையில், திலீப்குமார் கம்பெனி வழக்கில், விலக்கு அறிவிக்கையில் ஐயம் எழுந்தால் அது அரசுக்கே சாதகம் என்று தீர்ப்பளித்தது. (அந்த வழக்கு எழுந்தது இறால் தீவனச் சலுகையால், நம் மாவட்டக் கடற்கரையினருக்கு அந்தச் சரக்கு நன்றாகத் தெரியும்.) விலக்குக் கேட்பவன்தான் தகுதியை நிரூபிக்க வேண்டும் என்பதை நானும் ஒப்புகிறேன். எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். முதல் பட்டதாரிச் சான்றிதழ் வேண்டுமென்றால் என்னென்ன காட்ட வேண்டும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுகிறார்கள். ஐயத்தின் பலனை அரசு எடுத்துக்கொள்வதானால், ஐயத்தை முன்னதாகவே தீர்த்துவைக்கும் பொறுப்பும் அரசுக்குத்தானே?

முன்கூட்டியே தீர்ப்புக் கேட்கும் வழி இல்லாமலில்லை. ஆனால் அதற்கான ஆணையங்கள் டில்லியிலும் மும்பையிலும் இருக்கின்றன. அவை தரும் தீர்ப்பும் கேட்டவருக்கும் சுங்க அதிகாரிக்கும் மட்டுமே பொருந்தும். துறைமுகமுள்ள சென்னையிலும் ஒன்று வேண்டும். ஒருவருக்குச் சொன்ன விடை அதே பொருளைக் கொண்டுவரும் எல்லோருக்கும் செல்ல வேண்டும். அந்த இருக்கைகளில் சட்டம் படித்தவரோடு மின்னணுவியல் படித்தவரும் உட்கார வேண்டும்.

சுங்க இலாகாவில் எக்ஸாமினர் என்றொரு பதவி உண்டு. பணியாளர் தேர்வாணையம் நடத்தும் தேர்வை எந்தப் பட்டதாரியும் எழுதலாம். நம் துறை நண்பர்கள் வங்கித் தேர்வுக்குக் காட்டும் அக்கறையில் பாதியை இதற்குக் காட்டலாம். பேராசிரியர்கள் இசைந்தால், 85ஆம் அத்தியாயத்தை அச்செடுத்து வருகிறேன். ஆய்வகத்தில் கிடக்கும் பழைய பலகை ஒன்றைப் பிரித்து, எந்த உறுப்புக்கு எந்த எண் என்று ஒரு மாலை உட்கார்ந்து பார்ப்போம்.